ஏலத்தில் வாங்கிய தொலைநோக்கி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நாங்கள் மூவர் சார்பில் பேச வந்திருக்கிறோம். மூவரும் ரயில்வேயில் குமாஸ்தாக்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் எங்களில் இல்லை. மேடையேறிப் பழக்கமும் இல்லை. ஆகவே சொற்குற்றம் பொருட்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நம் சங்க நூலகத்துக்கு ஒரு மைக்ராஸ்கோப்பும், விழாக்களைப் படம் பிடிக்க ஒரு காமிராவும் ஏலத்தில் பழையதாக வாங்கலாம் என்று இளைஞர்கள் யோசனை கூறியிருக்கிறார்கள். நல்ல நோக்கம். அதைத் தடுக்க நாங்கள் எழுந்து நிற்கவில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டில் உங்கள் பணத்தைக் கொண்டு ஏலத்தில் தொலைநோக்கி வாங்கியவர்கள் நாங்கள். சங்கத்தின் வரவு செலவு அறிக்கையில் அது ஒரே ஒரு வரியாக இருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்ததை இன்று சபையின் முன் வைப்பது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

2019 டிசம்பர் 26-ஆம் நாள் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக அந்த வளையத்தின் பாதை சென்றது. ஊரிலுள்ள உற்றார் உறவினரெல்லாம் சூரியனை நெருப்பு வளையமாகக் காணப்போகிறார்கள். கொல்கத்தாவில் இருக்கும் நமக்கோ பகுதிக் கிரகணம்தான். நம் குழந்தைகள் அதையாவது நன்றாகப் பார்க்கட்டும், பிறகு இரவில் நிலவையும் கிரகங்களையும் பார்க்கட்டும் என்று எண்ணினோம். காலனியில் 62 வீடுகள் ஏறி இறங்கி, வீட்டுக்கு 100 ரூபாய் வீதம் 6,200 ரூபாய் சேர்த்தோம். மாதக் கடைசியாயிற்றே என்று தயங்கியவர்கள்கூட, "குழந்தைகளுக்காக" என்று சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.

நம் நகரில் ஏலக் கூடங்கள் பழமையானவை. 1947-க்குப் பின் கப்பலேறிய ஆங்கிலேயர் வீட்டுச் சாமான்கள் பல அவற்றின் வழியாகவே கைமாறின. அத்தகைய கூடம் ஒன்றில் மரப்பெட்டியோடு ஒரு தொலைநோக்கி வருகிறது என்று கேள்விப்பட்டோம். ஜப்பானில் செய்தது, 60 மில்லிமீட்டர் லென்ஸ். சனிக்கிழமை பொருள்களைப் பார்வையிடலாம், ஞாயிற்றுக்கிழமை ஏலம். சனிக்கிழமை எங்கள் மூவருக்கும் அலுவல் இருந்தது, போகவில்லை. முதல் தவறு அதுதான்.

ஞாயிறன்று பெட்டியைத் திறந்து காட்டினார்கள். வெள்ளைக் குழல் பளபளத்தது. 1,500 ரூபாயில் தொடங்கிற்று கேள்வி. பின்வரிசையில் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தார். நாங்கள் 2,000 என்றால் அவர் 2,200 என்றார். நாங்கள் வாங்க வந்த பொருளை மறந்து, அவரை வெல்ல வேண்டும் என்ற வேகத்தில் இறங்கிவிட்டோம். 4,500-இல் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் ஆயிற்று. சுத்தியல் விழுந்தது. கைகுலுக்கிக் கொண்டோம். அவர் உண்மையாகவே கேட்டாரா, விலையேற்றக் கேட்டாரா என்று சொல்ல எங்களிடம் சாட்சியம் இல்லை.

இனிக் கணக்கைக் கேளுங்கள். ஏலத் தொகை 4,500. கூடத்தின் தரகு நூற்றுக்குப் பத்து, 450. வரி 891. வாடகைக் காரும் கூலியும் 350. ஆக 6,191. கையில் மிஞ்சியது 9 ரூபாய். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கூலி 1,800. கண்ணருகே வைக்கும் லென்ஸும் அதற்கான இணைப்பு வளையமும் 1,000. பெட்டியிலிருந்த முக்காலியின் ஒரு கால் நிற்கவில்லை. வேறு முக்காலி 1,600. மொத்தம் 10,591 ரூபாய். அதே அளவுள்ள புதிய தொலைநோக்கிக்கு, உத்தரவாதச் சீட்டுடன், கடையில் பிற்பாடு விசாரித்தபோது சொன்ன விலை 9,500. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

குறைந்த 4,391 ரூபாயைப் பொங்கல் விழா நிதியிலிருந்து எடுத்தோம். 2020 பொங்கல் விழாவில் குழந்தைகளுக்குப் பரிசுப் புத்தகம் வழங்கப்படவில்லை. பலர் காரணம் கேட்டீர்கள். "நிதி நெருக்கடி" என்று மட்டும் சொன்னோம். நெருக்கடியை உண்டாக்கியவர்கள் நாங்கள் என்று அன்று சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

எங்கள் பார்சல் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைத் திறந்து பாராமல் ஏற்றுக்கொண்டால், ரசீதில் "உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது" என்று பொருள்படும் வாசகத்தை எழுதுவோம். சொன்னவர் அவர், பார்த்தவர் நாம் அல்லர் என்பதற்கு அது அத்தாட்சி. அதுபோலவே "உடையவர் பொறுப்பில்" அனுப்பும் சரக்கு வேறு, "ரயில்வே பொறுப்பில்" அனுப்பும் சரக்கு வேறு. இருபது ஆண்டுகள் இந்த வாசகங்களை எழுதிய கைகள்தாம் அன்று ஏலத்தில் உயர்ந்தன! ஏலக் கூடத்தின் பட்டியலில் "உள்ளது உள்ளபடி" என்று அச்சிட்டிருந்ததைப் படித்தும், அது உடையவர் பொறுப்பு என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிற்பாடுதான் கேட்டறிந்தோம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தியல் விழும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விழுந்தபின் விற்பனை முடிந்தது. விலையை ஏற்றுவதற்காக விற்பவர் பொய்க் கேள்வி கேட்கச் செய்திருந்தால், வாங்கியவர் அவ்விற்பனையை ரத்துச் செய்யலாம். ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டுமே! மேலும், பொருளைப் பரிசோதித்து வாங்கியவர், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பிறகு முறையிட இடமில்லை என்பது 16-ஆவது பிரிவின் கருத்து. ஆகவே கண்ணைத் திறக்க வேண்டிய காலம் சுத்தியலுக்கு முன்புதான்.

கண்ணாடிக் கருவிகளில் மட்டும் இந்த எச்சரிக்கை ஏன் இத்தனை தேவை? நாற்காலியின் கால் ஆடினால் உட்கார்ந்தவுடன் தெரியும். லென்ஸின் குறை அப்படித் தெரிவதில்லை. எங்கள் தொலைநோக்கியின் முன் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்திருந்தது. வங்காளத்து மழைக்காலத்தில் காற்றின் ஈரம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் போவது சாதாரணம். எழுபதைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அது வெறும் அழுக்கன்று. அமிலத்தைச் சுரந்து, கண்ணாடியின் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். துடைத்தபின் பூஞ்சணம் போய்விடும். அரித்த தடம் போகாது. கூடத்தின் குழல்விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கைவிளக்கை மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பிடித்துப் பார்த்திருந்தால், நூலாம்படை போல் அது பளிச்சென்று தெரிந்திருக்கும். அந்தக் கைவிளக்கு எங்கள் வீட்டிலேயே இருந்தது!

இன்னொரு குறை, முன்னால் கைவைத்தவர் செய்தது. முன் லென்ஸ் என்பது இரண்டு கண்ணாடிகள் சேர்ந்தது. யாரோ பிரித்துத் துடைத்து, ஒன்றைத் திருப்பிப் போட்டிருந்தார். அதனால் நிலவு எப்போதும் பாலில் ஊறியது போல மங்கியே தெரிந்தது. மூன்றாவது, கண்ணருகே வைக்கும் லென்ஸின் அளவு. அக்காலத்து ஜப்பானியக் கருவிகளில் அது 24.5 மில்லிமீட்டர், இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 31.7. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

இளைஞர்கள் வாங்க நினைக்கும் பொருள்களுக்கும் இதே கதைதான். பழைய மைக்ராஸ்கோப்புகள் பல 160 மில்லிமீட்டர் குழல் நீளத்துக்கென அமைந்தவை. இன்றைய புதுமுறை லென்ஸ்களை அவற்றில் மாட்டினால் உருவம் சரியாக அமையாது. காமிராவிலோ பெயரே பொய்யாக இருக்கலாம். சோவியத் நாட்டில் செய்த ஃபெட், சோர்க்கி காமிராக்களின் மேல் லைக்கா என்று பொறித்து விற்பது உலகறிந்த மோசடி. சில பழைய லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது நாளடைவில் மஞ்சளாகும், சிறிது கதிரியக்கமும் உடையது. பைனாகுலரானால், தூரத்து மின்கம்பியை அதன் வழியே பாருங்கள். ஒரு கம்பி மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தால், அது எப்போதோ கீழே விழுந்து உள்ளிருக்கும் பட்டகம் நகர்ந்தது என்று பொருள். சற்று நேரம் பார்த்தாலே தலைவலி வரும். மேற்பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பிவிடும்; பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். ஒளி இழப்பைக் குறைக்கும் மேற்பூச்சை ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா 1935-இல் கண்டார். அதற்கு முற்பட்ட கருவி அழகாயிருக்கலாம்; ஆனால் மங்கலாயிருக்கும்.

இவை யாவும் பண நஷ்டம். பணத்தைவிடப் பெரியது ஒன்று இருந்தது.

கிரகணத்துக்கு நான்கு நாட்கள் முன்பு, ரயில்வே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்து ஓய்வு பெற்ற நம் வாத்தியார் ஐயாவிடம் கருவியைப் பெருமையாகக் காட்டினோம். பெட்டியின் மூலையில் ஒரு சிறு கறுப்புக் கண்ணாடி இருந்தது. அதைக் கையில் எடுத்தார்.

"தம்பி, இது எதற்கு?"

"சூரியனைப் பார்க்க, ஐயா. கண் வைக்கும் இடத்தில் திருகிக்கொள்ள வேண்டும். கூடவே வந்தது, தனி விலை இல்லை."

"முதலில் யார் கண் வைப்பார்கள்?"

"குழந்தைகள்தாம், ஐயா."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார். பகலில் நம் கண்மணி சுருங்கி 2 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். 60 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப் போல 900 மடங்கு ஒளியைத் திரட்டும். திரண்ட அத்தனை வெப்பமும் அந்தச் சிறு கறுப்புக் கண்ணாடியின் மேல் விழும். அது சூடேறித் திடீரென்று விரிசல் விடும். விட்ட கணத்தில் குழந்தையின் கண் பின்னால் இருக்கும். விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. சுட்டது தெரியாமலே பார்வை போய்விடும். சூரிய வடிகட்டி என்றால் குழலின் முன்வாயை முழுவதும் மூடுவதாக, அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பழைய பெட்டிகளோடு வரும் இந்தக் கண்ணாடியைத் தொடவே கூடாது.

சொல்லிவிட்டு அதைத் துணியில் சுற்றி, வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் நொறுக்கினார். வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக. நாங்கள் மூவரும் தலைகுனிந்து நின்றோம். எங்கள் குழந்தைகளும் அந்த வரிசையில் நிற்பதாக இருந்தவர்களே.

கிரகணத்தன்று தொலைநோக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அட்டையில் ஊசித்துளையிட்டு, நிழலில் விழும் உருவத்தைப் பார்க்கும் முறையைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

அன்பர்களே, ஏலத்தில் நாம் ஒரு பொருளை மட்டும் வாங்குவதில்லை. அது இருந்த ஈரம், அது விழுந்த விழுகை, அதைப் பிரித்த கை ஆகிய அனைத்தையும் சேர்த்து வாங்குகிறோம். ஆகவே இளைஞர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: பார்வை நாளில் கைவிளக்கோடு போங்கள். விஷயம் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தரகு, வரி, வண்டி, பழுது எல்லாவற்றையும் முதலிலேயே கழித்து, எஞ்சும் தொகையை ஒரு காகிதத்தில் எழுதி, ஏலம் கேட்காத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அந்த எண் வந்ததும் அவர் உங்கள் கையைப் பிடித்து இறக்கட்டும். பார்க்க முடியாத பொருளைக் கேட்காதீர்கள். பொதுப் பணமானால் இவை இரட்டிப்பாகப் பொருந்தும்.

தொலைநோக்கி இன்று நூலகத்தில் இருக்கிறது. வாத்தியார் ஐயா முன் லென்ஸைச் சரியாகத் திருப்பி வைத்த பிறகு, கலிலியோ 1610-இல் கண்ட வியாழனின் நான்கு சந்திரன்களையும் நம் குழந்தைகள் அதில் பார்க்கிறார்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை மாதந்தோறும் மாற்றுகிறோம். கருவி வீணாகவில்லை.

மேடையின் ஓரத்தில் கட்டி வைத்திருக்கும் புத்தகங்கள், 2020-இல் வழங்காமல் விட்ட பரிசுகள். நாங்கள் மூவரும் எங்கள் சம்பளத்திலிருந்து வாங்கியவை. அன்று பெறவேண்டியிருந்தவர்களில் சிலர் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் தம்பி தங்கையர் பெற்றுக்கொள்ளட்டும். காரியதரிசி அவர்கள் அவற்றை வழங்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!