மேகத்தில் வைத்த பேரேடு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்னூல் கற்பிக்கும் தமிழாசிரியன் ஒருவன் வணிகர் நிறைந்த இச்சபையிலே கணக்கைப் பற்றிப் பேச எழுந்திருப்பது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். யான் அவ்வாறே சொல்லி மறுத்துப் பார்த்தேன். ஆயினும், என் தாய்மாமன் கடையில் நேர்ந்த இரண்டு இடர்களை உடனிருந்து கண்டவன் யானாதலின், காரியதரிசியவர்கள் விடவில்லை.

மாமா சைதாப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது, கடைக்குள் மார்பளவு நீர் நின்றது. ஆணியும் கம்பியும் துருவேறிய பின்னும் பாதி விலைக்குப் போயின. மீளாமற் போனது பேரேடு. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் கொத்தனார்க்கும் மேஸ்திரிகளுக்கும் கொடுத்த கடனெல்லாம் அதில் இருந்தன. கணிப்பொறியில் ஒரு படி உண்டு. அதுவும் நீரில் முழுகிற்று. அதன் நகல் ஒரு பென் டிரைவில் உண்டு. அப்பென் டிரைவை அவர் வைத்திருந்த இடமோ அதே மேசையின் இழுப்பறை! வெள்ளம் வடிந்தபின், கடன்பட்டோரிற் பலர் தாமே வந்து, "ஐயா, நான் தரவேண்டியது இவ்வளவு" என்று சொல்லித் தவணையாகத் தந்தார்கள். வாராதவரும் உண்டு. அவர்களைக் கேட்பதற்கு மாமா கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை.

இன்று 'கிளவுட்' கணக்கு என்று வழங்குவது இத்தகைய இழப்புக்கு நல்ல மருந்து. மேகம் என்னும் பெயரைக் கேட்டு வானத்தை நோக்க வேண்டா. தரவு மையங்கள் என்னும் பெருங்கட்டிடங்களிலே, இரவும் பகலும் ஓயாது இயங்கும் கணிப்பொறிகளில் நம் பேரேடு இருக்கும். நாம் கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ இணையத்தின் வழியே அதைத் திறந்து எழுதுவோம். மென்பொருளை விலைக்கு வாங்காமல், மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ வாடகை போலக் கட்டணம் செலுத்துவதே இதில் பெருவழக்கு. தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த ஸோஹோ நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸோஹோ புக்ஸ் இவ்வகையினது. இலக்கணம் படித்தவனுக்கு இவ்வுருவகத்தில் ஒரு குறை தோன்றுகிறது. வானத்து மேகம் கடலில் முகந்ததைக் கேளாமலே மழையாகத் திருப்பித் தரும்; இந்த மேகமோ, உரியவன் வந்து கேட்டாலன்றித் தராது.

கணக்கின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சேறிய தம் நூலிலே லூக்கா பசியோலி என்னும் துறவி விளக்கிய இரட்டைப் பதிவு முறையே இன்றும் உள்ளிருந்து இயங்குகிறது. நம் பெரியோர் சிட்டையிற் குறித்துப் பேரேட்டில் ஏற்றி, பின்னர் ஐந்தொகை கட்டுவார்கள். இரவு விளக்கெரிய விழித்திருப்பார்கள். இப்பொழுது பட்டியல் ஒன்றை எழுதிய கணமே, பேரேட்டில் ஏற்றுதலும், சரக்கிருப்பைக் குறைத்தலும், சரக்கு சேவை வரியைப் பிரித்தலும் தாமே நிகழ்கின்றன. பொய்ப் பட்டியலையும் அதே விரைவோடு ஏற்றும் என்பதை மறவாதீர்கள்.

இனி இரண்டாவது இடர். சரக்கு சேவை வரி 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு மாமா தம் கணக்கை மேகத்துக்கு மாற்றினார். மாற்றிக் கொடுத்தவன் கடையில் கணக்கெழுதிய பையன், கெட்டிக்காரன். தன் மின்னஞ்சலையும் தன் கைப்பேசி எண்ணையும் கொடுத்தே பதிவு செய்துவிட்டான். மாமாவுக்கு அது தெரியாது, கேட்கவும் இல்லை. ஓராண்டு கழித்து ஒரு நாள் அவன் வேலைக்கு வரவில்லை. கடவுச்சொல் செல்லவில்லை, புதியது கேட்டால், ஓ.டி.பி. அவன் கைப்பேசிக்குப் போகிறது. முந்திய மாதத்து வரிக்கணக்கை 20ஆம் தேதிக்குள் செலுத்தவேண்டும். தவறினால் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும். பேரேட்டில் ஒரு துளி நீரும் படவில்லை. ஆனால் உரியவர் வெளியே நின்றார்.

"திருடன்" என்றார் மாமா. யான் அப்பையன் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றான். மாமாவிடம் வந்து கேட்டேன், விடை இல்லை. பாக்கியைக் கொடுத்த அன்று மாலையே கணக்கு கைக்கு வந்தது. திறந்து பார்த்தால், 'கொடுக்கவேண்டியவை' என்னும் தலைப்பின் கீழ் அவ்விரண்டு மாதச் சம்பளமும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அதை ஒரு நாளேனும் மாமா திறந்து பார்த்திருந்தால் அல்லவோ!

ஆகையால், கணக்கைக் கடைக்காரர் தம் பெயரிலும் தம் எண்ணிலுமே தொடங்கவேண்டும். எழுதுவோர்க்குத் தனித்தனி நுழைவு கொடுங்கள். யார், எப்பொழுது, எதைத் திருத்தினார் என்பது நிற்கும். கம்பெனிகள் அத்தகைய திருத்தச் சுவடு காட்டும் மென்பொருளையே கையாளவேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் நாள் தொட்டுச் சட்டமாயிற்று. நம்போன்ற சிறு கடைகளை அச்சட்டம் கட்டாவிடினும், வழக்கம் நல்ல வழக்கம்.

மாதம் ஒரு முறை முழுக்கணக்கையும் இறக்கி, கடையில் அன்று, வீட்டில் வையுங்கள். இன்ட்யூட் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் தங்கள் குவிக்புக்ஸ் சேவையை 2023இல் இந்தியாவில் நிறுத்திவிட்டனர். அதை நம்பியிருந்தோர் வேறிடம் தேட நேர்ந்தது. சரக்கு சேவை வரிச் சட்டமோ, ஆண்டுக் கணக்கு செலுத்தவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் ஏடுகளைக் காக்கச் சொல்கிறது. மேகக்காரர் கடையை மூடிவிட்டார் என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப இயலாது.

இப்பொழுது மாமா கடையில் அந்தப் பையனே மீண்டும் கணக்கெழுதுகிறான். சாவி மாமாவிடம், பார்வை அத்தையிடம். இரவு உணவு முடிந்ததும் அத்தை கைப்பேசியைத் திறந்து அன்றைய வரவு செலவை வரிவரியாகப் படிக்கிறார். சென்ற வாரம், "இந்த 3,400 ரூபாய் 'இதர செலவு' என்றால் என்ன?" என்று கேட்டாராம். அது என்ன செலவு என்று மாமா எனக்கும் இதுவரை சொல்லவில்லை.