வலை கனத்த பிறகு



யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஒரு விடியற்காலை வருகிறது. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் சிக்காமல் பேதுருவும் கூட்டாளிகளும் திபேரியாக் கடலில் இருக்கிறார்கள். கரையில் ஒருவர் நிற்கிறார். உயிர்த்தெழுந்த இயேசு அவர். ஆனால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர் சொன்ன பக்கம் இறக்கிய வலை கனத்த பிறகுதான் ஒரு சீடருக்கு ஆள் யாரென்று புரிகிறது. கரையேறினால் கரி நெருப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது. சென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெறும் வலையோடு அப்பா வீடு திரும்பும் காலையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆண்டவர் அப்படியொரு காலையில், தொழில் நடக்கிற இடத்துக்கே, பசிக்குச் சாப்பாடு செய்துகொண்டு வந்தார்.

அந்தப் பேதுருவைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்றார்கள். சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரம் போடும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்தவர்கள் மசூலா படகுக்காரர்கள். ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கித் தரையில் போட்டாலும் பிளக்காமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிச் சமூகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராயப்பருக்கு எழுப்பிய ஆலயம் இராயபுரத்தில் இன்றும் இருக்கிறது. எத்தனையோ புனிதர்கள் இருக்க, அலையோடு மல்லுக்கட்டியவர்கள் ஒரு மீனவரைத் தேர்ந்துகொண்டதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை.

அதே பகுதிக்கு 1888-இல் வந்தவர் மருத்துவர் மெட்டில்டா மெக்பெய்ல். ஸ்காட்லாந்து சுயாதீன திருச்சபை அனுப்பிய மிஷனரி. ஆண் மருத்துவர் முன்னால் வரக் கூசிய பெண்கள் நோயோடும் பேறுகால வேதனையோடும் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த காலம். அவர் தொடங்கிய சிறிய வைத்தியசாலை வளர்ந்து, 1914-இல் கிறிஸ்டினா ரெய்னி மருத்துவமனையாக எழுந்தது. கட்டடத்தில் நிலைத்தது அவர் பெயரல்ல, மிஷன் பணிக்காக உழைத்த இன்னொரு பெண்ணின் பெயர். முதல் உலகப் போரில் செர்பியாவிலும் பிரான்சிலும் பணியாற்றிவிட்டு மறுபடியும் சென்னைக்கே வந்தார். வடசென்னையில் பல குடும்பங்கள் இன்றும் சுருக்கமாக 'ரெய்னி ஆஸ்பத்திரி' என்றே சொல்கின்றன. நோயாளியைச் சந்தித்தவர் தன்னையே சந்தித்தார் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். மெக்பெய்ல் அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றின் சமையற்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்சும் கடவுளைத் தன் வேலையிலேயே சந்தித்தவர்தான். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் ஜெபத்தில் இருந்த அதே நெருக்கத்தை அவர் கடவுளிடம் உணர்ந்தார்.

ஆனால் வேலையிடத்தில் கடவுள் இருக்கிறார் என்பதால் அங்கே நடப்பதெல்லாம் அவர் சித்தம் ஆகிவிடாது என்ற எச்சரிக்கையும் தேவை. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி மக்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இதைக் கடவுள் சித்தம் என்று சொல்வது கடவுளுக்கே செய்யும் அநியாயம். குழாயைப் போட்டது மனிதர்; பராமரிக்க வேண்டியதும் மனிதர். அன்றிரவு கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்டால், தன் பிள்ளையைத் தூக்கிய கையோடு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டியவரிடம் இருந்தார் என்று விசுவாசம் பதில் சொல்லும்.

2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் அப்படித்தான். கெட்டிப்பட்ட கசடை இயந்திரங்களால் முழுவதும் உறிஞ்ச முடியவில்லை. மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளி, கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். அவர்களில் கோயிலுக்குப் போகிறவர் உண்டு, பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர் உண்டு, எங்கும் போகாதவரும் உண்டு. ஆண்டவர் யார் கையை வாங்கிக்கொள்வார் என்பதற்கு மனிதர் வரம்பு கட்ட முடியாது.

இன்று பட்டம் பெறும் இளைஞர்களில் சிலர் சீக்கிரமே மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளில் ஷிப்ட் ஏறுவார்கள். சிலர் வார்டில் நைட் டியூட்டி பார்ப்பார்கள். போய்ப் பார்க்காத வால்வைப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லும் நெருக்கடி என்றாவது வரலாம். எடுக்காத காய்ச்சல் அளவை சார்ட்டில் நிரப்பத் தோன்றும் அலுப்பும் வரலாம். அந்த நேரத்தில் ஜெபம் என்பது டார்ச்சை எடுத்துக்கொண்டு வால்வு வரைக்கும் நடந்துபோவது. தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் போவது. தனியாக நின்று மறுக்கப் பயமாக இருந்தால் கூடப் படித்தவர்களை அழைக்கட்டும், சபையில் சொல்லட்டும், தொழிற்சங்கத்தில் கேட்கட்டும்.