ஏட்டில் ஏறாத வீரம்

வீரன் விழுந்த இடத்தில் கல் நட்டு வணங்கிய இனம் நம் இனம். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. அந்தக் கல்லிலே அவன் பெயரைப் பொறித்தார்கள். அவன் ஆற்றிய செயலைப் பொறித்தார்கள். ஏன்? பார்த்தவர்கள் மறைவார்கள், பார்த்தவர்களிடம் கேட்டவர்களும் மறைவார்கள், கல் நிற்கும், அது பேசும் என்பதற்காக! சரி, கல் பொறிப்பவன் செயலைப் பொறிக்க மறந்துவிட்டால்? அவன் வீரன்தான், ஐயமில்லை. ஆனால் வழிப்போக்கன் கல்லைத்தான் படிப்பான், காற்றைப் படிக்கமாட்டான்.

இந்தக் காலத்தில் கல்லின் இடத்தைக் காகிதம் பிடித்துக்கொண்டது. அந்தக் காகிதத்தில் விட்டுப்போன ஒரு வரிக்காக வீரர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாட நேர்ந்த கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கதை நடந்த இடம் அமெரிக்கா. செல்வத்துக்கும் படைபலத்துக்கும் பெயர்பெற்ற நாடு. அங்கேயே இந்த நிலை என்பதால்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது.

அந்த நாட்டிலே படைப்பணி முடித்து வீடு திரும்புகிறவன் கையில் ஒரு தாள் தரப்படுகிறது. டிடி 214 என்று அதற்குப் பெயர். 1950-ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருப்பது. என்று சேர்ந்தான், என்று விலகினான், என்ன பதவி வகித்தான், எத்தகைய நடத்தையுடன் விடுவிக்கப்பட்டான் - எல்லாம் அதிலே உண்டு. இன்றைய படிவத்தில் 13-ஆம் கட்டம் அவன் பெற்ற பதக்கங்களுக்கு. 14-ஆம் கட்டம் அவன் முடித்த பயிற்சிகளுக்கு. ஆண்டுக்கணக்கில் சேற்றிலும் பனியிலும் புரண்டு எழுந்தவனுடைய வாழ்வு, அந்தச் சின்னஞ்சிறு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது!

"பதக்கம் என்ன, சட்டையில் குத்திக்கொள்ளும் அலங்காரம்தானே! விட்டுப்போனால் என்ன குடிமுழுகிப் போகும்?" என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும், விடை சொல்கிறேன். போரில் காயம் பட்டவனுக்கு அங்கே தரப்படுவது 'பர்ப்பிள் ஹார்ட்' என்ற பதக்கம். அது ஏட்டில் இருந்தால், மைய அரசின் வேலைக்குப் போட்டியிடும்போது அவனுக்கு 10 புள்ளிகள் கூடுதல். அரசு மருத்துவமனையில் அவனுக்கு முன்னுரிமை. காலாட்படையினன் போர்முனையில் நின்று போரிட்டமைக்குத் தரப்படும் சின்னம் ஒன்று உண்டு. போரின் கொடுமையால் மனம் நைந்துபோனவன் உதவித்தொகை கேட்கச் செல்லும்போது, "இவன் உண்மையிலேயே களத்தில் நின்றவன்" என்று அந்தச் சின்னமே சாட்சி கூறும். பயிற்சியும் அப்படியே. படையிலே மருத்துவ உதவியாளனாகப் பயின்றவன், அந்தப் பயிற்சி தாளிலே ஏறியிருந்தால், கல்லூரியில் அதற்கு ஈடு கேட்கலாம்; வேலை கேட்கும் இடத்தில் காட்டலாம். ஏறாவிட்டால், கற்றதை மீண்டும் காசு கொடுத்துக் கற்க வேண்டும்!

எனவே, பதக்கம் அலங்காரமல்ல, சாட்சி. சாட்சி இல்லாதவன் வழக்கு என்னவாகும்? மனக்கண்ணால் பாருங்கள். அலுவலகத்தின் மேசைக்கு இப்பக்கம் ஊன்றுகோலுடன் ஒரு முதியவர்; அப்பக்கம் ஒரு குமாஸ்தா.

"ஐயா, நான் போரில் காயம் பட்டவன்."

"தாளில் இல்லையே!"

"தாளில் இல்லை, காலில் இருக்கிறது, பாருங்கள்."

"காலைப் பார்க்க எனக்கு அதிகாரமில்லை, பெரியவரே! தாளைப் பார்க்கத்தான் அதிகாரம்."

குமாஸ்தாவின் மீது கோபம் கொள்ளாதீர்கள். அவர் கெட்டவரல்லர். விதி அவரை அப்படி உட்கார்த்தி வைத்திருக்கிறது. விட்டுப்போனது எப்படி என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

முதல் காரணம் அவசரம். 1945 மே மாதத்தில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர்கள் 80 இலட்சத்துக்கும் மேல். 1946-ஆம் ஆண்டின் நடுவிலே 20 இலட்சத்துக்கும் கீழ். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 60 இலட்சம் பேருக்குத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. தட்டச்சு செய்தவனுக்கு அவசரம். வாங்கிக்கொண்டவனுக்கு அதைவிட அவசரம். தாய் காத்திருக்கிறாள், மனைவி காத்திருக்கிறாள். அந்த நேரத்தில் எவன் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் படித்துப் பார்ப்பான்?

இரண்டாவது காரணம், விருது பின்னால் வந்தது. தாள் முன்னால் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர்ச் சின்னம் பெற்றவர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உரியது என்று 1947-இல் முடிவு செய்தார்கள். நல்ல முடிவு! ஆனால் உரியவர்களில் மிகப் பலர் அதற்குள் வீடு திரும்பி ஏர் பிடிக்கவும் இயந்திரம் ஓட்டவும் போய்விட்டார்கள். அவர்கள் தாளிலே அந்தப் பதக்கம் எப்படி இருக்கும்? போர்க்கைதியாக இருந்து வாடியவர்களுக்கு 1985-இல் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். 1917 முதல் கைதியானவர்கள் அனைவருக்கும் உரியது என்றார்கள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்பதற்கோ, இருப்பது தெரியவேண்டும்!

மூன்றாவது காரணம் நெருப்பு. மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, படைவீரர்களின் ஏடுகளையெல்லாம் குவித்து வைத்திருந்த பெரிய கட்டடம். 1973 ஜூலை 12, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் ஆறாவது மாடியில் தீப்பற்றியது. 22 மணி நேரம் அடங்காமல் எரிந்தது. கட்டியவர்கள் ஏடுகள் இருந்த பகுதியிலே தானாக நீர் தெளிக்கும் குழாய்களை அமைக்கவில்லை. 160 இலட்சம் முதல் 180 இலட்சம் ஏடுகள் வரை அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1959 முடிய விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் ஏடுகளில் 100-க்கு 80 சாம்பலாயின. 1947 முதல் 1963 முடிய விடுவிக்கப்பட்ட வான்படையினரில், அகரவரிசையின் பிற்பகுதியில் பெயர் அமைந்தவர்களின் ஏடுகளில் 100-க்கு 75 போயின. நகல் உண்டா? இல்லை. நுண்படம் உண்டா? இல்லை. என்னென்ன இருந்தன என்ற பட்டியலாவது உண்டா? அதுவும் இல்லை!

அதன்பின் அங்கிருந்த ஊழியர்கள் உழைத்ததை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நனைந்தும் கரிந்தும் கிடந்த குவியலிலிருந்து ஏறத்தாழ 65 இலட்சம் ஏடுகளை மீட்டார்கள். மற்றவர்களுக்காக வேறு கணக்குகளைத் தேடினார்கள்: படைப்பிரிவுகளில் நாள்தோறும் காலையில் எழுதப்பட்ட வருகைக் குறிப்பு, மருத்துவமனையில் சேர்த்த அட்டை, கடைசியாக வாங்கிய சம்பளச் சீட்டு. சம்பளச் சீட்டு, அவன் படையில் இருந்தான் என்று சொல்லும். எத்தனை காசு வாங்கினான் என்று சொல்லும். எத்தனை குண்டு வாங்கினான் என்பதை அது எப்படிச் சொல்லும்?

சரி, விட்டுப்போனதைச் சேர்க்க வழியே இல்லையா? உண்டு. 1946-க்கு முன்பெல்லாம் ஒரு வீரனின் ஏட்டைத் திருத்த, நாடாளுமன்றமே அவனுக்கெனத் தனி மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இயற்றிய சட்டத்தால், சிவிலியர்கள் அமர்ந்து விசாரிக்கும் திருத்த வாரியங்கள் ஏற்பட்டன. தவறு இருந்தால் திருத்தவும் அநீதி இருந்தால் நீக்கவும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு. சிறு பிழையானால் வாரியம்வரை போகவேண்டியதில்லை. டிடி 215 என்ற திருத்தத் தாள் கொடுத்து, பழைய தாளுடன் சேர்த்துவிடுவார்கள். அது கிடைக்காவிட்டால் டிடி 149 என்ற படிவத்தில் வாரியத்துக்கு மனு. பிழையை அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தவும் வாரியத்துக்கு உரிமை உண்டு. வீரன் இறந்துவிட்டால் மனைவியோ நெருங்கிய உறவினரோ மனுச் செய்யலாம். பயிற்சிச் சான்றிதழ், விருது வழங்கிய ஆணை, உடனிருந்த தோழர்களின் உறுதிமொழி, அக்காலத்தில் எழுதிய கடிதம் - இவையெல்லாம் ஆதாரம்.

வழி நல்ல வழிதான். ஆனால் அந்த வழியின் தொடக்கத்திலேயே ஒரு பாறை கிடக்கிறது, தோழர்களே! "அரசு தன் கணக்கை ஒழுங்காகவே எழுதியிருக்கும்" என்ற எண்ணத்தோடுதான் வாரியம் விசாரணையைத் தொடங்குகிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரனுடையது. எழுதாமல் விட்டது யார்? அரசு. எழுதியதை எரியவிட்டது யார்? அரசு. மெய்ப்பிக்க வேண்டியவன் யார்? 80 வயதுக் கிழவன்! உடன் நின்ற தோழர்கள் மண்ணுக்குள், ஆணையிட்ட அதிகாரி மண்ணுக்குள், ஏடு சாம்பலில். சாட்சியைக் கொண்டுவா என்றால், அவன் எங்கே போவான்?

இதோ, ஒருவரின் கதையைக் கேளுங்கள். பெயர் ஹென்றி ஜான்சன். ஆல்பனி இரயிலடியில் பெட்டி தூக்கிய கறுப்பினத் தொழிலாளி. 1917-இல் படையில் சேர்ந்தார். அவர் சேர்ந்த 369-ஆவது காலாட்படை கறுப்பினத்தவர் படை. வெள்ளையரோடு ஒன்றாக நிறுத்த மனமின்றி, அதனைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தார்கள். 1918 மே மாதத்தில் ஓர் இரவு, ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸ் என்ற தோழரும் காவல் நின்றனர். ஜெர்மானியர் கூட்டமாகப் பாய்ந்தனர். ராபர்ட்ஸ் படுகாயமுற்று வீழ்ந்தார். அவரை எதிரிகள் தூக்கிச் செல்ல முயன்றபோது, துப்பாக்கி பயன்படாத நிலையில், ஜான்சன் கத்தியோடு பாய்ந்து மீட்டார். அவர் உடலிலே 21 காயங்கள்! பிரெஞ்சு அரசு தன் போர்ச் சிலுவை விருதை வழங்கியது. நியூயார்க் வீதியில் 1919-இல் ஊர்வலம். திறந்த காரில் ஜான்சன். மக்கள் வெள்ளத்தின் ஆரவாரம். அவர் பெயரைச் சொல்லிப் போர்நிதி முத்திரைகள் விற்றார்கள்.

அவருடைய விடுப்புத் தாளில் என்ன இருந்தது? 21 காயங்களில் ஒன்றுகூட இல்லை!

1929-இல், நாற்பது வயதைக் காணுமுன்பே அவர் மறைந்தார். எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதுகூடப் பல்லாண்டுகள் தெரியாமல் இருந்தது. நாட்டின் வீரர்கள் துயிலும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்திலே அவர் கிடக்கிறார் என்பது 2002-இல்தான் வெளிப்பட்டது. கல் இருந்தது, அது யாருடைய கல் என்று அறிந்தவர் இல்லை! பர்ப்பிள் ஹார்ட் 1996-இல் வந்தது. மிக உயர்ந்த 'மெடல் ஆஃப் ஆனர்' மட்டும் வரவில்லை. போதிய ஆதாரமில்லை என்றார்கள். பிறகு ஆதாரம் கிடைத்தது. எங்கே? ஜான்சனின் வீட்டுப் பெட்டியிலா? இல்லை. படைத்தலைவர் பெர்ஷிங், நிகழ்ச்சி நடந்த சில நாட்களிலேயே எழுதிய குறிப்பு, அரசின் பழைய ஆவணங்களுக்குள்ளேயே கிடந்தது. நியூயார்க்கின் செனட்டர் ஒருவருடைய அலுவலகத்தார் தேடி எடுத்தார்கள். 2015 ஜூன் 2 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா அந்தப் பதக்கத்தை வழங்கினார். 97 ஆண்டுகள்! வாங்கிக்கொள்ள உறவினர் ஒருவர்கூட இல்லை. நியூயார்க் மாநிலப் படையைச் சேர்ந்த ஒருவர் கை நீட்டி வாங்கினார்.

இது ஒருவர் கதையன்று. இரண்டாம் உலகப் போரில் 12 இலட்சம் கறுப்பினத்தவர் படையில் பணியாற்றினர். போர் முடிந்து 50 ஆண்டுகள் வரை, அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த உயர்ந்த பதக்கம் இல்லை. 1993-இல் பல்கலைக்கழகம் ஒன்றிடம் பழைய ஏடுகளை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1997 ஜனவரியில் ஏழு பேருக்குப் பதக்கம் வழங்கினார்கள். அவர்களில் உயிரோடிருந்து வாங்கியவர் ஒரே ஒருவர் - வெர்னன் பேக்கர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த முறை மனுதாரனைத் தேடச் சொல்லவில்லை. ஏட்டை வைத்திருந்தவர்களே ஏட்டைத் தேடச் செய்தார்கள். தேடினார்கள், கிடைத்தது!

நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றில் அடங்கும். கணக்கு எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, கணக்கு விட்டுப்போனால் தேடித்தரும் கடமையும் அவரிடமே இருக்க வேண்டும். உரிமை மேசைக்கு அப்பக்கமும் கடமை இப்பக்கமும் இருந்தால், அதற்குப் பெயர் ஆட்சியல்ல. ஏடு அழிந்த இடத்தில், ஐயத்தின் பயன் அரசுக்கல்ல, வீரனுக்கே சேரவேண்டும். பொய்யன் ஒருவன் புகுந்துவிடுவான் என்று அஞ்சி, மெய்யர்கள் நூறு பேரை வாசலில் நிறுத்துவது அறமாகாது.

அந்தச் சட்டம் வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுக்கும் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். நகல் எடுத்து வையுங்கள். உடன் உழைத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் சாட்சியத்தை எழுதி வாங்குங்கள். மனு எழுதத் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், இன்று மாலையே அவரிடம் சென்று அமருங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கொடி பிடிப்பது போலவே அதுவும் தொண்டுதான்.

ஹென்றி ஜான்சனின் கதையைச் சொன்ன அந்தக் குறிப்பு, 90 ஆண்டுகளுக்கு மேலாகக் காகிதக் கட்டுக்குள் கிடந்தது. தேடியவர்கள் வந்த அன்று அது பேசியது. இன்னும் எத்தனை குறிப்புகள், எத்தனை கட்டுகளுக்குள், தேடி வரும் கைகளை எதிர்பார்த்துக் கிடக்கின்றனவோ!