துவாலு மக்கள் கேட்கும் கேள்வி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதைத்தான் உங்கள் வீட்டில் தினமும் சொல்கிறார்களே! ஆகவே இன்று நான் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன். உலகப் படத்தில் ஊசிமுனை அளவுகூடத் தெரியாத நாடு. அதன் பெயர் துவாலு.

பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது அது. 1978-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. தீவுகள் ஒன்பது. முற்காலத்தில் மக்கள் குடியிருந்தவை எட்டு. அதனால் 'எட்டும் சேர்ந்து நிற்பவை' என்ற பொருளில் துவாலு என்று பெயர் வைத்தார்கள். எல்லாத் தீவையும் கூட்டினால் 26 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் சுமார் 6,400 ஏக்கர். ஒரு பெரிய தோட்டத்தின் அளவுதான், ஐயா! அந்த அளவு நிலத்தில் ஒரு கொடி, ஒரு பாராளுமன்றம், ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு நாற்காலி, சுமார் 11,000 மக்கள். தலைநகரின் பெயர் பூனாபுத்தி. அங்கே விமான ஓடுபாதைதான் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். விமானம் வந்தால் சங்கு ஊதும். பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

இந்தத் தீவுகள் மலையல்ல. பவளப் பாறையும் மணலும் சேர்ந்து உண்டானவை. பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரம்தான். மிக உயர்ந்த இடமே ஐந்து மீட்டரை எட்டாது. நம் பால்மரத்தில் பாதி உயரம்கூட இல்லை.

'கடல்கோள்' என்ற சொல் நம் மொழியில் வெகு காலமாக உண்டு. கடல் ஒரே மூச்சில் எழுந்து ஊரை விழுங்குவதை நம் முன்னோர் அப்படிச் சொன்னார்கள். துவாலுவில் நடப்பது வேறு மாதிரி. அங்கே கடல் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை, காலுக்கடியிலிருந்தும் வருகிறது. பவளப்பாறை சல்லடை போன்றது. பெரிய அலையேற்ற நாட்களில் உப்புத் தண்ணீர் தரைக்குள்ளிருந்து குமிழி விட்டு ஊறி, வீட்டு வாசலிலும் சாலையிலும் தேங்கும். நாம் கெலாடி என்று சொல்லும் கிழங்கின் இனத்தில் பெரிய கிழங்கு ஒன்றை அவர்கள் குழி வெட்டிப் பயிரிடுவார்கள். பரம்பரையாக அவர்களுக்குச் சோறு போட்டது அதுதான். குழியில் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். ஆறு கிடையாது. கூரையில் விழும் மழைநீர்தான் குடிநீர். 2011-ல் மழை பொய்த்தபோது அவசரநிலை அறிவித்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2015 மார்ச்சில் பாம் என்ற புயல் கிளப்பிய அலைகளால் மக்களில் 45 சதவிகிதம் பேர் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது என்று அந்நாட்டுப் பிரதமர் சொன்னார்.

கடல் ஏன் ஏறுகிறது? நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகை, பூமியைப் போர்வைபோல் மூடிச் சூடாக்குகிறது. சூடேறிய தண்ணீர் பருக்கிறது. நிலத்தின்மேல் உள்ள பனிக்கட்டியும் உருகிக் கடலில் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செண்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு சாண். ஒரு சாண்தானே என்கிறீர்களா? வாசற்படியே இரண்டு சாண் உயரமுள்ள வீட்டுக்காரனைக் கேளுங்கள், சொல்லுவான்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1971 முதல் 2014 வரை எடுத்த படங்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், துவாலுவின் மொத்த நிலப்பரப்பு குறையவில்லை, 2.9 சதவிகிதம் கூடியிருக்கிறது என்று 2018-ல் எழுதினார்கள். அலை ஒரு பக்கம் அரிக்கிறது, மறு பக்கம் மணலைக் கொண்டுவந்து போடுகிறது. அப்படியானால் பயமில்லையா? மணல்மேடு இருந்தால் மட்டும் குடியிருக்க முடியுமா, ஐயா? குடிக்கத் தண்ணீரும் விளைய மண்ணும் வேண்டாமா? தீவு மூழ்குவதற்கு வெகு முன்பே, அதில் வாழ்வது கஷ்டமாகிவிடும்.

சரி, அப்படியானால் போய்விட வேண்டியதுதானே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். எங்கே போவது? எப்படிப் போவது? அதைப் புரிந்துகொள்ள, பிஜி நாட்டில் வனுவா லேவுத் தீவின் அருகே, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தீவுகளைப் பாருங்கள். பிஜி நமக்குப் புதிதல்ல. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஊர் அது.

முதல் தீவு ராம்பி. அங்கே வாழ்பவர்கள் பனாபா என்ற தீவிலிருந்து வந்தவர்கள். பனாபா மண்ணில் பாஸ்பேட் இருந்தது. நம் தோட்டத்தில் உரம் போடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1900 முதல் 1979 வரை அந்தத் தீவைத் தோண்டி எடுத்து, வேறு நாட்டு வயல்களுக்கு உரமாகக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அம்மக்களைப் பல தீவுகளுக்குச் சிதறடித்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அதிகாரிகள், "உங்கள் ஊர் பாழாகிவிட்டது, இனி அங்கே போகமுடியாது" என்று சொல்லி, 1945 டிசம்பரில் ராம்பியில் இறக்கி விட்டார்கள். தங்கக் கொடுத்தது கூடாரம். காலமோ புயல் காலம். அந்த ராம்பித் தீவை வாங்கியதும் பனாபா மக்களுக்குச் சேரவேண்டிய பாஸ்பேட் பணத்தில்தான்!

இரண்டாவது தீவு கியோவா. இது துவாலுவின் வைதுப்பு தீவு மக்கள் தாமாகத் தேடிக்கொண்டது. ஜனம் பெருகினால் நிலம் போதாதே என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினரிடம் வேலை செய்து சேர்த்த காசை ஒன்றாகப் போட்டு, 3,000 பவுனுக்குக் கியோவாவை விலைக்கு வாங்கினார்கள். 1947-ல் முதல் கூட்டமாகப் போனவர்கள் 37 பேர்தான். விருப்பமுள்ளவர்கள் போனார்கள், மற்றவர்கள் வைதுப்புவிலேயே இருந்தார்கள். இன்றும் கியோவாவில் துவாலு மொழி பேசுகிறார்கள். ஆனாலும் ஒரு குறை. அம்மக்களுக்கு முழுக் குடியுரிமை தர பிஜி அரசாங்கம் முடிவு செய்தது 2005-ல்தான். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள்! சிவப்பு அடையாளக் கார்டோடு அலைந்தவர்களை அறிந்த நமக்கு அந்த அறுபது ஆண்டின் கனம் விளங்காதா?

பெரியவர்களே, இதைக் கேட்கும்போது உங்களுக்கு ஒன்று நினைவு வந்திருக்கும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-ல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். வைதுப்பு மக்கள் செய்ததும் அதே காரியம்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. நாம் விட்டு வந்த தோட்டம் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. துவாலு மக்கள் விட்டுப்போக நேர்வது, அவர்களுக்கே சொந்தமான நாடு.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அகதிகளுக்கான 1951-ம் ஆண்டு உடன்படிக்கை, இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுகிறவர்களைத்தான் அகதி என்கிறது. கடல் விரட்டினால் அதில் இடமில்லை. பக்கத்து நாடான கிரிபட்டியைச் சேர்ந்த ஒருவர் நியூசிலாந்தில் வழக்காடிப் பார்த்தார். தோற்றார், 2015-ல் குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டார். ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடமும் முறையிட்டார். அவரை அனுப்பியது தவறல்ல என்று குழு முடிவு செய்தது. ஆனால், பருவநிலை மாற்றத்தால் உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது வருங்காலத்தில் சட்டவிரோதமாகலாம் என்றும் சொன்னது. அந்த முடிவு 2020 ஜனவரியில் வெளியானது. கதவு திறக்கவில்லை, தாழ்ப்பாள் கொஞ்சம் தளர்ந்தது.

பிறகு 2023 நவம்பரில் துவாலுவும் ஆஸ்திரேலியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கு 'பலேபிலி' என்று துவாலு மொழியிலேயே பெயர். நல்ல அண்டை வீட்டாராக இருப்பது என்று பொருள். ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வசிக்கலாம், படிக்கலாம், வேலை செய்யலாம். ஊருக்குப் போய்த் திரும்பியும் வரலாம். ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஜூன், ஜூலையில் நடந்த முதல் பதிவில், குடும்பத்தாரையும் சேர்த்து 8,750 பேர் பெயர் கொடுத்தார்கள்!

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. துவாலு இனி வேறு நாட்டோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமானால், ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். அது ஒன்று. ஆண்டுக்கு 280 பேர் என்று போனால், ஊரில் பாடம் சொல்லித்தரவும் நோயாளியைப் பார்க்கவும் யார் மிஞ்சுவார்கள்? அது மற்றொன்று. அதனால்தான் அங்கே ஒரு பக்கம் கடலில் மண் கொட்டி நிலத்தை உயர்த்துகிறார்கள், மறு பக்கம் விசாவுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். இருக்கவும் வழி வேண்டும், போகவும் வழி வேண்டும். இரண்டில் எது என்பதை நாங்களே தீர்மானிக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. ராம்பிக்குப் போனதுபோல் அல்ல, கியோவாவுக்குப் போனதுபோல்.

நிலம் போனாலும் நாடு நாடாகவே இருக்குமா? இது அவர்களுடைய பெரிய கேள்வி. நிலத்துக்கு என்ன நேர்ந்தாலும் துவாலு என்ற அரசு என்றென்றும் இருக்கும் என்று 2023-ல் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2025 ஜூலை 23-ல் அனைத்துலக நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்து கூறியது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றது. ஒரு நாடு தன் அங்கங்களில் ஒன்றை இழந்தால், அதனாலேயே நாடு என்ற தகுதியை இழந்துவிட வேண்டியதில்லை என்றும் சொன்னது.

மாணவச் செல்வங்களே, இனி நான் சொல்வதை நீங்கள் கவனித்துக் கேட்கவேண்டும். இந்தக் கேள்வியை அந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் முயற்சியை முதலில் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? மந்திரிகள் அல்லர். 2019-ல் வனுவாத்து நாட்டில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள். வகுப்பில் படித்ததை வைத்துத் தம் அரசாங்கங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாத்து அரசாங்கம் அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. இன்று உலக நாடுகள் அத்தனையும் அந்தப் பதிலைப் படிக்கவேண்டியிருக்கிறது.

கடலைச் சூடாக்கியதில் துவாலு மக்களின் பங்கு தூசி அளவு. நம்முடைய மோட்டார் வண்டிக்கும் விளக்குக்கும் அதைவிடக் கூடுதல் பங்கு உண்டு. அதனால் அவர்கள் நம்மிடம் கேட்பது பரிதாபம் அல்ல, நியாயம். நாளை உங்களில் ஒருவர் வக்கீலாகலாம், இன்னொருவர் குடிநுழைவு அலுவலகத்தில் முத்திரை குத்தும் மேசையில் உட்காரலாம். ஊரையும் பெயரையும் சுமந்துகொண்டு ஒரு மனிதன் உங்கள் முன்னால் வந்து நிற்பான். அவனை உட்காரச் சொல்லி, "என்ன நடந்தது?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இன்று வாங்கிய பரிசுப் புத்தகம் அதற்குப் பயன்பட்டால், இந்தப் பள்ளி செலவழித்த காசு வீண் போகவில்லை.