மரம் யாருடைய பயிர்?

(லண்டனில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2024 நவம்பரில் விவசாயிகள் வைட்ஹோலில் திரண்டபோது எங்களில கன பேருக்கு ஒரு குழப்பம் இருந்தது. விவசாயியின் பக்கம் நிற்கிறதா, அல்லது பரம்பரைச் சொத்து வரியின் பக்கம் நிற்கிறதா? இதுக்குப் பதில் சொல்ல முதல், காணி விலை எப்பிடி உருவாகுது எண்டு பார்க்க வேணும். மரத்தை வைச்சுப் பார்த்தால் அது லேசா விளங்கும்.

பிரித்தானியாவில் வியாபாரத்துக்கு நடப்படும் முக்கிய மரம் சிட்கா ஸ்ப்ரூஸ். நட்டு வெட்டுவதற்கு ஏறத்தாழ 40 வருடம் எடுக்கும். கோதுமையும் உருளைக்கிழங்கும் அந்த வருடமே காசு தரும். ஆனால் ஒவ்வொரு நாளும் ஆள் வேணும். மரத்துக்கு ஆள் குறைவு, காத்திருப்பு அதிகம். 40 வருடம் ஆர் காத்திருப்பார்? வேறு வருமானம் உள்ளவர்தான். அதனால் மரம், காணியில் இல்லாதவரின் பயிராக மாறுவது இயல்பு. அரசு அதுக்கு வரிச்சலுகையையும் கொடுத்தால் என்ன நடக்கும்?

அது நடந்த இடம் ஸ்கொட்லாந்தின் வடக்கில் உள்ள ஃப்ளோ கன்ட்ரி. 1980களில், மரம் நடும் செலவை நட்டமாகக் காட்டி மற்ற வருமானத்துக்கான வரியில் கழிக்கலாம். மேல்மட்ட வரி அப்போது 60 வீதம். அதாவது ஒரு பணக்காரர் நடுகைக்கு 100 பவுண்ஸ் செலவழித்தால், 60 பவுண்ஸ் வரியில் மிச்சம். லண்டனில் இருந்தவர்கள் பார்த்தே இராத சதுப்பு நிலத்தை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரியைச் சேர்த்து வைத்திருந்த அந்த நிலத்தை உழுது, வடிகால் வெட்டி, ஸ்ப்ரூஸ் நட்டார்கள். 1988 பட்ஜெட்டில் நைஜல் லோசன் அந்தச் சலுகையை நிறுத்தினார். 2024 இல் யுனெஸ்கோ அதே இடத்தை உலக மரபுரிமையாக அறிவித்தது.

நான் மரத்துக்கு எதிரி இல்லை. 1919 இல் இங்கே காடு ஏறத்தாழ 5 வீதம். இப்ப கிட்டத்தட்ட 13 வீதம். இன்னும் வேணும். கேள்வி, அதை ஆர் நடுகிறார், ஆரின் காணியில், ஆரை எழுப்பிவிட்டு என்பதுதான்.

1988 க்குப் பிறகும் வேறு சலுகைகள் மிஞ்சின. வணிகக் காட்டில் மரம் விற்ற காசுக்கு இன்றும் வருமான வரி இல்லை. விவசாய நிலத்துக்குப் பரம்பரை வரியில் 100 வீத விலக்கு 1992 இல் வந்தது. 2011 இல் வுட்லண்ட் கார்பன் கோட் வந்த பிறகு, மரம் உறிஞ்சும் கரியையும் விற்கலாம். இந்தச் சலுகைகள் எல்லாம் கடைசியில் காணி விலைக்குள்ளேயே போய்ச் சேரும். வரி மிச்சம் பிடிக்க வருபவர் கூட விலை கொடுப்பார். விளைச்சலை நம்பி வாங்க வருபவரால் அந்த விலை கொடுக்க முடியாது. குத்தகைக்கு உழுபவரின் நிலை இன்னும் மோசம்: உரிமையாளர் மரம் நட முடிவெடுத்தால், அவரின் குத்தகை புதுப்பிக்கப்படாமல் போகலாம்.

இதனால்தான் 2024 ஒக்டோபர் பட்ஜெட்டின் வரியை நான் கொள்கையளவில் ஆதரிக்கிறன். முதலில் 1 மில்லியன் பவுண்ஸ் வரை முழு விலக்கு எண்டார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2025 டிசம்பரில் அதை 2.5 மில்லியனாக உயர்த்தினார்கள். ஆனால் வரி மட்டும் போதாது. தானே உழுபவரையும், வரிக்கு ஒளிச்சு வாங்கியவரையும் சட்டம் பிரித்துப் பார்க்க வேணும். அந்தக் கோரிக்கையைக் குத்தகை விவசாயிகளோட சேர்ந்து வைக்க வேண்டியது இடதுசாரிகளின் வேலை. அதைச் செய்யாமல் விட்டால் வலதுசாரிகள்தான் அவர்களோட பேசுவார்கள்.

இப்ப எங்கட கதைக்கு வாறன். வன்னியில் காணி வாங்கித் தேக்கு வைக்கிற பேச்சு உங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் வந்திருக்கும். ஏன் தேக்கு? நாங்கள் அங்கே இல்லை. வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்க ஆள் வேணும்; தேக்கு தன்பாட்டில நிற்கும். ஆனால் லண்டன் சம்பளத்தில் விலை பேசினால், வெங்காய வருமானத்தில் வாழுகிறவர் அந்தப் பேச்சில் இருக்கவே முடியாது. மற்றப் பக்கத்தில் அரசு. உறுதி காட்ட முடியாத நிலத்தை முடிக்குரியதாக்கிய 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் தர்க்கம் இன்னும் சாகவில்லை. போருக்குப் பிறகு முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் திரும்பி வந்த சனம் தங்கட வயலில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டது. ஒரு பக்கம் காட்டின் பெயரால் எல்லைக்கல், மறு பக்கம் எங்கட காசு. நடுவில அந்த விவசாயி.

வழி இல்லாமல் இல்லை. ஸ்கொட்லாந்தில் 2003 சட்டம், காணி விற்பனைக்கு வந்தால் ஊர்ச் சமூகம் முதலில் வாங்கும் உரிமையைத் தந்தது. எங்கட தேசவழமையிலும் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கு. ஆனால் அது காணி உள்ளவர்களுக்குள்ளேயே சுற்றியது. காணியில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கு ஒரு பரப்பும் தரவில்லை. எங்களுக்கு வேண்டியது இரத்த உறவுக்கான உரிமை அல்ல, அந்த மண்ணில் வேலை செய்கிறவருக்கான உரிமை.

ஆகவே வீட்டில் அடுத்த முறை காணிப் பேச்சு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கோ. இப்ப அதை ஆர் செய்கிறார்? வாங்கின பிறகு அவர் எங்கே போவார்? வாங்கித்தான் ஆக வேணுமெண்டால், நீண்ட காலக் குத்தகையை எழுத்தில் அவருக்கே கொடுக்கலாமா? அப்பா அம்மாவோட சண்டை பிடிக்கச் சொல்லேல்லை. அவர்களுக்கும் காணியை இழந்த நோவு இருக்கு. அந்த நோவில இருந்தே இந்தக் கதையைத் தொடங்கலாம்.