கடைசித் தவணை கொடுக்கும் முன்பு மரப்படியைப் பாருங்கள்

(ஆம்பூர் வட்டார உறுப்பினர் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் நிறைய பேர் வீட்டில் உட்கார்ந்தே ஷூ அப்பர் தைக்கிறீங்க. ஒரு தையல் விலகினால்கூட திருப்பிக் கொடுத்துடறாங்க. ஆனால் நாம் குழுக் கடன் வாங்கி மாடிக்கு மரப்படி போட்டால், ஆசாரி "முடிஞ்சுதும்மா" என்றதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். நாமும் ஒரு தடவை சோதித்துப் பார்க்கணும் இல்லையா?

அப்பர் மூட்டையை இடுப்பில் வைத்து இறங்கும்போது அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது. கால் பழக்கத்தில்தான் இறங்குகிறோம். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் கால் ஏமாந்துவிடும். விழுந்து கை ஒடிஞ்சால், பீஸ் கணக்கில் தைக்கிறவங்களுக்கு அன்றைய கூலியும் கிடையாது, பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யும் கிடையாது.

அதனால் டேப் எடுத்து ஒவ்வொரு படியையும் அளந்து பாருங்க. வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, மிதிக்கிற அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அதாவது சுமார் ஏழரை அங்குலம், பத்து அங்குலம். சின்ன வீட்டில் இடம் பத்தாது, தெரியும். செங்குத்தாகத்தான் போட முடியும் என்றாலும் எல்லாப் படியும் ஒரே அளவாக இருக்கட்டும். அதிகம் மாறிப்போவது தரையை ஒட்டிய முதல் படிதான். படி போட்ட பிறகு டைல்ஸ் ஒட்டுவோம், அந்தப் படியின் உயரம் குறைந்துபோகும். டைல்ஸும் சிமெண்டும் சேர்ந்து எவ்வளவு கனம் வரும் என்று ஆசாரியிடம் முன்னாடியே சொல்லிடணும்.

பாலிஷ் அடிக்கும் முன்பு மரத்தைப் பாருங்க. அடித்த பிறகு எல்லா மரமும் தேக்கு மாதிரித்தான் இருக்கும்! தேக்கிலேயே வைரம் பாய்ந்த உள்பகுதி பழுப்பாக இருக்கும். வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதி சீக்கிரம் உளுத்துப்போகும். பலகை ஓரத்தில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். ஈர மரத்தில் செய்தால் நம்ம வேலூர் வெயிலில் சுருங்கி, பொருத்து விட்டுப்போகும்.

மிதிபலகை பக்கச் சட்டத்தில் காடி வெட்டி உட்கார்ந்திருக்கா, வெறும் ஆணிதானா? அடியில் டார்ச் அடிச்சுப் பாருங்க. பிறகு நடுப்படியில் நின்று உடம்பை ஆட்டிப் பாருங்க. லேசாக முனகினால் திருகாணி போட்டுச் சரி செய்யலாம். பலகை வளைந்தாலோ சட்டம் நகர்ந்தாலோ விடாதீங்க. கைப்பிடியை வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்க. காசு பத்தலைன்னு கைப்பிடியே போடாத வீடும் இருக்கு. என்னைக் கேட்டால், பாலிஷை விட்டுட்டு கைப்பிடி போடலாம்.

சட்டத்தின் அடி மண்ணிலோ ஈரத் தரையிலோ நேராகப் பட்டால் கரையான் ஏறும். கீழே ஒரு கல் வைத்து அதன்மேல் நிறுத்தச் சொல்லுங்க.

இதையெல்லாம் சண்டையாகக் கேட்க வேண்டாம். நல்ல ஆசாரி டேப்பைப் பார்த்துக் கோபப்பட மாட்டார். அளந்து பார்த்த பிறகுதான் கடைசித் தவணை என்று வேலை பேசும்போதே ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்குங்க. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் குழுவில் இரண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க. டேப் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கு, வாங்கிட்டுப் போகலாம்.