சட்டம் எழுதும் மேசையில் எமக்கும் ஓர் இடம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பூமியைச் சூடாக்கும் பச்சைவீட்டு வாயுக்களைக் குறைக்கப் பல நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. இது எமக்குத் தூரமான விடயம் அல்ல. மழை தவறினால் கொழுந்து இல்லை. கொட்டித் தீர்த்தால் லயத்தின் மேல் மண் சரிகிறது. ஆகவே இப்படிப்பட்ட சட்டங்கள் வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. சட்டத்தின் சுமை யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வி.

ஜேர்மனியைப் பாருங்கள். நிலக்கரி மின் உற்பத்தியை 2038க்குள் நிறுத்த அங்கு 2020இல் சட்டம் வந்தது. அதற்கு முன், 2018இல் அமைத்த ஆணைக்குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசினார்கள். பலன் என்ன? வேலை இழக்கும் 58 வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு, ஓய்வூதியம் கிடைக்கும் வரை ஐந்து ஆண்டுகள் வரை அரசாங்கக் கொடுப்பனவு உண்டு. நிலக்கரிப் பிரதேசங்களுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கப்பட்டது.

எமது அனுபவம் வேறு. 2021 மே மாதத்தில், சுகாதாரம், சுற்றாடல் என்று சொல்லி இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. எம்மை யாரும் கேட்கவில்லை. ஆண்டு முடியுமுன் தடை நீங்கியது, பாதிப்பு நீங்கவில்லை. அந்த ஆண்டு ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, உரமின்மையாலும் பொருளாதார நெருக்கடியாலும் 2022இல் ஏறக்குறைய 250 மில்லியனாக விழுந்தது. கொழுந்து குறைந்த மலையில் முழுப் பெயருக்குக் கிலோ சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2050இல் காபன் நடுநிலை அடைவதாக இலங்கை உலகுக்கு வாக்களித்திருக்கிறது. யூரியா இட்ட மண்ணிலிருந்து எழும் நைத்திரசு ஒட்சைட்டு, காபனீரொட்சைட்டைவிட 250 மடங்குக்கு மேல் சூடாக்கும். ஆகவே உரத்தின் மேல் மீண்டும் ஒருநாள் கை வைப்பார்கள். தொழிற்சாலை அடுப்பையும் மாற்றச் சொல்வார்கள்.

மாறட்டும். ஆனால் மூன்றை நாம் இப்போதே கேட்போம்:

ஒன்று, உர மாற்றம் படிப்படியாக வரவேண்டும். விளைச்சல் குறையும் காலத்தில் கிலோ அளவும் குறைய வேண்டும், சம்பளம் குறையக்கூடாது.

இரண்டு, புதிய இயந்திரம் வந்தால் பழைய தொழிலாளிக்கே பயிற்சி தரவேண்டும்.

மூன்று, சட்டம் எழுதும் மேசையில் தொழிற்சங்கங்களுக்கு இடம் வேண்டும்.

இந்த மூன்றையும் உங்கள் தோட்டங்களில் பேசுங்கள். சட்டம் வந்த பிறகு கொடி பிடிப்பதைவிட, எழுதும்போதே குரல் கொடுப்போம்.